அந்தாண்ட இறங்கியவர்கள்

அந்தக் கணக்கெடுப்புக்காக நான் தயாரித்த படிவத்தில் ஒன்பது கேள்விகள் இருந்தன. எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள், எந்த ஷிப்ட், ஸ்டேஷனிலிருந்து எதில் போகிறீர்கள், ரயில் எத்தனை மணிக்கு வந்தால் வசதி என்று வரிசையாகப் போகும். ஒன்பதும் இன்னும் வரிசை மாறாமல் நினைவில் இருக்கின்றன. பத்தாவதாக ஒன்றை எழுதி, பிறகு அடித்துவிட்டேன். எந்தப் பக்கம் இறங்குகிறீர்கள் என்பதுதான் அந்தக் கேள்வி.

நான் நெய்வேலியில் குவார்ட்டர்ஸில் பிறந்தவள். அப்பா சுரங்கத்தில் கன்வேயர் பிரிவில் பர்மனென்ட். எங்கள் வீட்டில் ஒரு நாளுக்கு நான்கு நேரங்கள்தான் உண்டு: முதல் ஷிப்ட், இரண்டாம் ஷிப்ட், நைட் ஷிப்ட், ஜெனரல் ஷிப்ட். மாமா எப்போது வருகிறார் என்று கேட்டால், செகண்ட் ஷிப்ட் போகிற நேரத்துக்கு என்பார் அம்மா. நானும் சாப்பாடு, தூக்கம், டியூஷன் எல்லாவற்றையும் அப்படித்தான் வைத்துக்கொண்டேன். பள்ளிக்கூடத்துக்கு வெளியே கடிகாரத்தின் எண்களுக்கு எங்களிடம் பெரிய வேலை இருக்கவில்லை. இதை ஒரு பெருமையாகவே சென்னையில் நண்பர்களிடம் சொல்லியிருக்கிறேன்.

சிவில் படித்து, அதற்கு மேல் போக்குவரத்துத் திட்டமிடல் படித்து, சென்னையில் ஒரு சிறிய ஆலோசனை நிறுவனத்தில் சேர்ந்தேன். மெட்ரோவில் வந்து இறங்குகிறவர் அங்கிருந்து வீடு போய்ச் சேர்வது எப்படி என்பதைப் பார்ப்பது எங்கள் வேலை. நகரம் மேற்கிலும் தெற்கிலும் வளர்ந்துகொண்டே போகிறது. ஒரு புதிய ஸ்டேஷன் திறந்ததும் அதன் ஒவ்வொரு வாசலிலும் நின்று எண்ணுவோம். எத்தனை பேர் நடக்கிறார்கள், எத்தனை பேர் ஷேர் ஆட்டோ, எத்தனை பேரைக் கூட்டிப்போக ஆள் வருகிறது. அந்த வேலையில் நான் கற்றது ஒன்றுதான். வாசலில் பஸ் நிற்காவிட்டால் மனிதர்கள் வண்டி வாங்கிவிடுவார்கள். வாங்கிய பிறகு ரயிலுக்குத் திரும்ப மாட்டார்கள்.

இது சென்னைக்கு மட்டும் உரியதல்ல என்பது ஊருக்கு வரும்போதெல்லாம் கண்ணில் பட்டது. ஷிப்ட் விடும்போது சைக்கிள்கள் நிறைந்து ஓடிய இரட்டைச் சாலைகளில் இப்போது ஸ்கூட்டரும் காரும். அப்பாவே சைக்கிளைப் பின்பக்கம் சாய்த்துவிட்டு ஸ்கூட்டருக்கு மாறி வெகுகாலம் ஆகிவிட்டது. காலையில் பள்ளிக்கூட வாசலில் ஹாரன் சத்தம் கேட்கிறது. முன்பு எங்கள் டவுன்ஷிப்பில் ஹாரன் அடித்தால் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

அலுவலகம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கச் சொல்லியிருந்த சில மாதங்களில் ஊரில் இருந்தேன். அப்போதுதான் ரயில் பயணிகள் சங்கத்தின் செயலாளர் வீட்டுக்கு வந்தார். நிர்வாகப் பிரிவில் சூப்பரின்டென்டென்டாக இருந்து ஓய்வு பெற்றவர். குவார்ட்டர்ஸை ஒப்படைத்துவிட்டு, டவுன்ஷிப்பின் நுழைவாயிலான ஆர்ச் கேட்டுக்கு வெளியே வீடு கட்டிக்கொண்டவர். கையில் நாடா கட்டிய ஃபைல். கிழக்கேயிருந்து வரும் காலை பாசஞ்சர் ஆறரைக்கு ஸ்டேஷனுக்கு வந்துவிடுகிறது. ஸ்டேஷனிலிருந்து டவுன்ஷிப்புக்கு முதல் டவுன் பஸ் ஏழரைக்குத்தான். இடையில் ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார முடியாதவர்கள் ஒவ்வொருவராக வண்டி வாங்கிவிட்டார்கள். இப்படியே போனால் ஆள் இல்லை என்று ரயிலையே நிறுத்திவிடுவார்கள் என்பது அவர் பயம். பஸ்ஸை முன்னால் விடச் சொன்னார், நடக்கவில்லை. ரயிலைப் பின்னால் தள்ளச் சொல்லிக் கேட்போம், அதற்கு எண்ணிக்கை வேண்டும் என்றார்.

நான் தேடிக்கொண்டிருந்த மாதிரியான வேலை அது. செலவில்லாத ஒரு மாற்றம், என் சொந்த ஊரில். ஒத்துக்கொண்டேன்.

திங்கள் முதல் வெள்ளி வரை ஐந்து காலைகள். செயலாளர் குடையும் ஸ்டூலுமாக வெளிவாசலில் உட்கார்ந்தார். நான் பிளாட்பாரத்தில் நின்றேன். முதல் நாளே ஒன்று புரிந்தது. ரயிலிலிருந்து இரண்டு பக்கமும் ஆட்கள் இறங்கினார்கள். பிளாட்பாரப் பக்கம் கல்லூரி மாணவிகள், ஆஸ்பத்திரி நர்ஸுகள், ஜெனரல் ஷிப்ட் அலுவலகக்காரர்கள், கடைகளில் வேலை செய்கிறவர்கள். மறுபக்கம், தண்டவாளத்தின் மேல், பெண்கள். டவுன்ஷிப்பின் தெருக்களையும் பூங்காக்களையும் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் தொழிலாளிகள். அந்தப் பக்கத்தை எல்லாரும் அந்தாண்ட என்பார்கள்.

அந்தாண்ட இறங்குவதற்கு ஒரு முறை இருந்தது. ரயில் படிக்கும் தரைக்கும் இடையில் ஓர் ஆள் இடுப்பு உயரம். முதலில் ஒருத்தி கம்பியைப் பிடித்துக் குதிப்பார். மற்றவர்களின் வயர் கூடைகளை வாங்கி ஜல்லி மேல் வரிசையாக வைப்பார். பிறகு ஒவ்வொருவராக அவர் தோளில் கை வைத்து இறங்குவார்கள். கடைசி ஆள் இறங்கியதும் கூடைகளைத் தூக்கிக்கொண்டு, இன்னொரு தண்டவாளத்தையும் தாண்டி, தைலமரத் தோப்புக்குள் போய்விடுவார்கள். அந்த வழியில் இருபது நிமிடத்தில் மஸ்டர் ஷெட். வாசல் வழியாக வெளியே வந்து லெவல் கிராசிங்கைச் சுற்றிப் போனால் அதுவே இரண்டு மடங்கு.

மஸ்டர் என்பது வருகைப் பதிவு. மேஸ்திரி ஏழு மணிக்குப் பேர் கூப்பிடுவார். கூப்பிட்டு முடித்ததும் ட்ராக்டர் அவர்களை ஏற்றிக்கொண்டு பிளாக் பிளாக்காக இறக்கிவிடும். ட்ராக்டர் கிளம்பிய பிறகு வருகிறவருக்கு அன்று வேலை கிடையாது.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், எங்கள் தெருவைப் பல வருடங்களாகப் பார்த்துக்கொண்ட அக்கா சொல்லித்தான். அவர் எங்கள் பிளாக்குக்கு வந்தபோது நான் பதினொன்றாம் வகுப்பு. புடவைக்கு மேல் பச்சைக் கோட்டு, தலையில் துண்டு. வேலிச்செடி வெட்டும்போதும் சருகு அள்ளும்போதும் யாரையாவது கேலி செய்துகொண்டிருப்பார். நான் ஜன்னலோரம் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தால், வெளியே நின்று எட்டிப் பார்த்து, பாப்பா அந்தப் பொட்டிக்கு இன்னும் கண்ணாலம் கட்டி வைக்கலையா என்பார். பத்து மணிக்கு எங்கள் வீட்டில்தான் பாட்டிலில் தண்ணீர் பிடிப்பார். கிழக்கே, ரயில் நிற்கும் சிறிய ஊர்களில் ஒன்று அவருடையது. சொந்த நிலம் கிடையாது. கணவர் லோடு ஏற்றும்போது விழுந்து முதுகில் அடிபட்டவர், வேலைக்குப் போக முடியாது. தொழிலாளர் காப்பீட்டுக்கான அக்காவின் ஈஎஸ்ஐ கார்டில்தான் நெய்வேலியில் அவருக்கு மருந்து.

அக்காவின் வேலை அந்த மஸ்டரை நம்பி இருந்தது. கான்ட்ராக்ட் கைமாறும்போதெல்லாம் பழைய ஆட்களில் சிலரை நிறுத்துவார்கள். யாரை வைத்துக்கொள்வது என்பதை மஸ்டர் புத்தகம் பார்த்து முடிவு செய்வார்கள். இதுவரை மூன்று முறை கைமாறியிருக்கிறது, மூன்று முறையும் நான் இருக்கேன் என்று ஒருமுறை அம்மாவிடம் சொன்னார். நான் உள்ளே காபி குடித்துக்கொண்டே கேட்டேன்.

கணக்கெடுப்பின் மூன்றாம் நாள். ரயில் புறப்பட்டுப் போனதும் அந்தாண்ட நின்றிருந்தவர்களில் அக்காவைப் பார்த்தேன். அன்று கூடை வாங்கி வைத்தவர் அவர்தான். அவரும் என்னைப் பார்த்துவிட்டார். இரண்டு தண்டவாளங்களுக்கு அப்பால் இருந்து கேட்டார்.

“பாப்பா, கணக்கு எடுத்துகினு இருக்கியாமே. எங்கள எழுதிக்கலையா?”

பிளாட்பாரத்தின் ஓரத்துக்குப் போனேன்.

“எழுதினா இது ரயில்வேக்குப் போகும்க்கா. தண்டவாளத்தைத் தாண்டுறது தப்பு. அபராதம் போடுவாங்க. இல்லன்னா அந்தப் பக்கம் வேலி போட்டுடுவாங்க.”

அவர் திரும்பி மற்றவர்களிடம் ஏதோ சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

“அப்ப எழுதாத. நாங்க வரவே இல்லன்னு வச்சிக்க.”

கூடையைத் தலைக்கு ஏற்றிக்கொண்டு தோப்புக்குள் போய்விட்டார். நேரம் ஆகிக்கொண்டிருந்தது அவருக்கு.

அன்று மாலை செயலாளர் வீட்டில் பத்தாவது கேள்வியைப் பற்றிப் பேசினோம். அவரும் நான் நினைத்ததையே சொன்னார். அந்தாண்ட இறங்குவது மனுவில் வந்தால், முதல் வேலையாக வேலி வரும், ரயில் நேரம் அதற்குப் பிறகுதான். பாவப்பட்ட பெண்களை நாமே காட்டிக் கொடுத்ததாகிவிடும் என்றார். அவர் மனைவி கொண்டுவந்த பஜ்ஜியைச் சாப்பிட்டுக்கொண்டே பத்தாவது கேள்வியின் மேல் கோடு போட்டேன். நல்லது செய்த திருப்தி இருந்தது. அதையும் மறைக்காமல் எழுத வேண்டும்.

மனுவோடு ஓர் அட்டவணை இணைத்தேன். ரயிலை முக்கால் மணி நேரம் தள்ளினால் யார் யாருக்கு என்ன ஆகும் என்று. முதல் ஷிப்ட் ஆறு மணிக்கு. அவர்கள் இந்த ரயிலில் எப்போதும் வந்ததில்லை, பாதிப்பில்லை. இரண்டாம் ஷிப்ட் மதியம், பாதிப்பில்லை. நைட் ஷிப்ட், பாதிப்பில்லை. ஜெனரல் ஷிப்ட், பஸ் கிடைக்கும், நன்மை. மாணவர்கள், நன்மை. கடைசிக் கட்டத்தில், மாற்றத்தால் பாதிக்கப்படுவோர்: எவருமில்லை. அதற்கு அடிக்கோடும் போட்டேன்.

ஏழு மணி அந்த அட்டவணையில் இல்லை. ஏழு மணிக்கு எந்த ஷிப்டும் தொடங்குவதில்லை என்பதால் அதற்கு ஒரு வரிசை வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. பள்ளிக்கூட நாட்களில் ஏழரைக்கு பஸ் ஏறத் தெருமுனைக்குப் போகும்போதே விளக்குமாறு சத்தம் கேட்கும். அவர்கள் அதற்கு முன்பே எங்கோ கூடி, எதிலோ ஏறி வந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். இருபது நிமிட நடையும் தெரியும். ட்ராக்டரும் தெரியும். ஆறரையோடு இருபதைக் கூட்டத் தெரியாதவள் இல்லை நான். குவார்ட்டர்ஸில் வளர்ந்தவளின் அட்டவணையில் நான்கு ஷிப்டுகளுக்கு மேல் இடமில்லை, அவ்வளவுதான்.

மனு போயிற்று. நான் சென்னைக்குத் திரும்பினேன். பல மாதங்கள் கழித்து ஒரு நாள் அப்பா போன் செய்தார். வழக்கமாக அம்மாதான் பேசிவிட்டு அவரிடம் கொடுப்பார். அன்று அவரே அழைத்தார். உன் ரயில் இப்போது ஏழேகாலுக்கு வருகிறது, டவுன் பஸ்ஸில் நிற்க இடமில்லாமல் போகிறது என்றார். உன் ரயில் என்றுதான் சொன்னார். எங்கள் மனுவால்தான் மாறியது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. நேர அட்டவணை மாறும் காலம் அது, வேறு காரணங்கள் இருந்திருக்கலாம். அன்று அப்படி நினைக்கவில்லை. என்னால்தான் என்று எடுத்துக்கொண்டேன். அலுவலகத்தில் ஒரு கூட்டத்தில் அதை ஒற்றை ஸ்லைடாகக் காட்டினேன். பழைய நேரம், புதிய நேரம், பஸ் நேரம், மூன்று கோடுகள். மேலாளர் அதைத் தன் பேச்சிலும் சேர்த்துக்கொண்டார்.

அடுத்த நீண்ட விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது வேண்டுமென்றே கடலூர் வரை முந்தின நாளே போய்த் தோழி வீட்டில் தங்கி, காலையில் அந்த பாசஞ்சரில் ஏறினேன். பெட்டியில் நல்ல கூட்டம். ஒரு நர்ஸ் தன் தோழியிடம், இப்போதெல்லாம் வீட்டுக்காரரிடம் வண்டி கேட்டுத் தொங்க வேண்டியதில்லை என்று சொல்லிக்கொண்டிருந்தார். ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தேன். நெய்வேலியில் இறங்கியதும் பழக்கத்தில் மறுபக்கம் பார்த்தேன். ரயில் போனது. தண்டவாளங்களில் யாரும் இல்லை. ஜல்லி மேல் ஒரு கூடை இல்லை. அப்போது எனக்குத் தோன்றியதை அப்படியே எழுதுகிறேன்: அந்தாண்ட இறங்கும் வழக்கம் நின்றுவிட்டது, பாதுகாப்பும் மேம்பட்டிருக்கிறது. இதையும் ஸ்லைடில் சேர்க்கலாம் என்று நினைத்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

எங்கள் தெருவில் சருகு அள்ளிக்கொண்டிருந்தவர் வேறொருவர். இளம்பெண். என்னைத் தெரியாததால் ஒதுங்கி வழிவிட்டார். உள்ளே போனதும் அம்மாவிடம் அக்கா எங்கே என்று கேட்டேன்.

ரயில் நேரம் மாறியதிலிருந்து அக்கா பட்ட பாட்டை அம்மா அடுப்படியில் நின்றபடி சொன்னார். முதல் வாரம் தோப்பு வழியாக ஓடி வந்திருக்கிறார். எப்படி ஓடினாலும் ஏழரைக்கு முன்னால் ஷெட்டைத் தொட முடியாது. ட்ராக்டர் போயிருக்கும். அடுத்த ரயிலுக்கு உட்கார்ந்திருந்து திரும்பிப் போவாராம். பக்கத்து ஊர்க்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு வேன் பிடித்துக்கொண்டார்கள். அந்த வேன் அக்காவின் ஊர் வரை போகாது. பஸ்ஸில் வர இரண்டு இடத்தில் மாற வேண்டும், முதல் பஸ்ஸே தாமதம். சில நாட்கள் முந்தின இரவே வந்து, தெரிந்தவர் வீட்டில் படுத்துக்கொண்டார். கணவரைத் தனியாக விட்டுவிட்டு எத்தனை நாள் அப்படி முடியும். மஸ்டரில் வராத நாட்கள் ஏறிக்கொண்டே போயின. அந்த நேரம் பார்த்துக் கான்ட்ராக்ட் கைமாறியது. புதிய பட்டியலில் அவர் இல்லை.

ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“நீ அவ்வளவு சந்தோஷமா இருந்த,” என்றார் அம்மா.

அப்பா பேப்பரை மடித்து வைத்தார். இத்தனை வருஷமாக அவர்கள் எதில் வருகிறார்கள் என்று தான் யோசித்ததே இல்லை, இப்போதுதான் தெரியும் என்று மெதுவாகச் சொன்னார். எனக்குத் தெரிந்திருந்தது என்பதை அவரிடம் சொல்லவில்லை.

அன்று மாலை செயலாளரைப் பார்க்கப் போனேன். பழைய நேரத்துக்கே மாற்றக் கேட்க முடியுமா என்றேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு நர்ஸுகளைப் பற்றிச் சொன்னார், இரண்டு வண்டிகளை விற்றுவிட்ட ஒரு குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். இப்போது போய் மாற்றச் சொன்னால் இந்தாண்ட இறங்குகிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று கேட்டார். நியாயமான கேள்வி. காலையில் அந்தப் பெட்டியில் நானே அவர்களோடு உட்கார்ந்து வந்தேன். முதலிலேயே எழுதியிருந்தால் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் ஒரு நேரம் தேடியிருக்கலாம். அல்லது பஸ்ஸுக்காக இன்னும் கொஞ்சம் சண்டை போட்டிருக்கலாம். இப்போது ஒரு பக்கம் பிடுங்கித்தான் இன்னொரு பக்கம் கொடுக்க முடியும்.

மறுநாள் அக்காவின் ஊருக்குப் போனேன். இரண்டு பஸ் மாறி, கடைசிக் கொஞ்ச தூரம் நடந்து. வழி நெடுக முந்திரித் தோப்புகள். பையில் ஒரு தாள் வைத்திருந்தேன். என்ன செய்யலாம் என்று நான்கு வழிகள் எழுதியிருந்தேன்: மஸ்டரை அரை மணி தள்ளச் சொல்லிக் கேட்பது, அந்த ஊரிலிருந்து காலையில் ஒரு பஸ் கேட்பது, நானே புதிய கான்ட்ராக்டரிடம் போய்ப் பேசுவது, ரயிலைத் திரும்பக் கேட்பது.

வீட்டில் அவர் கணவர் மட்டும் இருந்தார். கட்டிலில் படுத்தபடியே, முந்திரிக் கொட்டாய்க்குப் போயிருப்பதாகச் சொல்லிக் கையைக் காட்டினார். தகரக் கூரை போட்ட நீளமான கொட்டாய். உள்ளே பெண்கள் இரண்டு வரிசையாக உட்கார்ந்து முந்திரிக் கொட்டையை உடைத்துக்கொண்டிருந்தார்கள். அக்கா கடைசியில், கொட்டையின் பால் ஒட்டாமலிருக்க விரல்களில் பூசும் சாம்பல் டப்பாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இருந்தார். அப்படியும் பால் பட்டு விரல்கள் கருத்திருந்தன. இரண்டு விரல்களில் தோல் உரிந்திருந்தது. புதியவர்களுக்கு அப்படித்தான் இருக்கும், பழகினால் போய்விடும் என்று பக்கத்தில் இருந்தவர் நான் கேட்காமலே சொன்னார்.

சாப்பாட்டு நேரத்துக்கு எழுந்து வந்தார். கொட்டாய்க்கு வெளியே ஒரு மர நிழலில் உட்கார்ந்தோம். என்ன பாப்பா, பொட்டிய தனியா வுட்டுட்டு வந்துட்ட என்றார். நான் சிரிக்கவில்லை. தாளை எடுத்து நான்கு வழிகளையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். மஸ்டரைத் தள்ளி வைக்க அவர்கள் எல்லாருமே போய்க் கேட்டார்களாம். நீங்க வர்ற ரயிலுக்கு நானா பொறுப்பு என்று மேஸ்திரி கேட்டாராம். பஸ் வருவதற்குள் தனக்கு வயசாகிவிடும் என்றார். புதிய கான்ட்ராக்டரிடம் தானே இரண்டு முறை போய்வந்துவிட்டதாகவும், ஆள் நிறைந்துவிட்டது, அடுத்த தடவை பார்க்கலாம் என்று சொன்னதாகவும் சொன்னார்.

நான்காவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. அதனால் நான் சொன்னேன்.

“அந்த நேரத்தை மாத்தச் சொல்லி எழுதிக் கொடுத்தது நான்தான்க்கா.”

“தெரியும்.”

எப்படி என்பதையும் அவரே சொன்னார். நேரம் மாறிய வாரத்தில் செயலாளர் ஸ்டேஷன் சுவரில் நன்றி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார். அதில் என் பேர் இருந்தது. கூட வந்த ஒரு பெண் படித்துக் காட்டினாராம். அதற்குப் பிறகும் பல நாட்கள் எங்கள் வீட்டில்தான் தண்ணீர் பிடித்திருக்கிறார். என் பேரைப் பார்த்ததைப் பற்றி அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

“சொல்லி இன்னா ஆவப்போவுது. நீ நல்லதுன்னு நெனச்சிதான் பண்ண. எழுதாதன்னு நானுந்தான் சொன்னேன்.”

விரல்களில் ஒட்டியிருந்த சாம்பலைத் தேய்த்து உதிர்த்தார். பிறகு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

“ஆனா பாப்பா, தண்டவாளத்ததான் நான் எழுத வேணாம்னேன். ஏழு மணிக்கு மஸ்டர்னு உனக்குத் தெரியும்ல. அத எழுதியிருக்கலாம். அதுல இன்னா தப்பு?”

ஒரு தப்பும் இல்லை. எந்த ரயில்வேயும் அதற்கு அபராதம் போடாது. ஏழு மணிக்கு வேலைக்கு வருகிறவர்கள் இந்த ரயிலில் இருக்கிறார்கள் என்று ஒரு வரி போதும். எந்தப் பக்கம் இறங்குகிறார்கள் என்று சொல்லவே தேவையில்லை. இத்தனை நாளும் அவர்களைக் காப்பாற்றத்தான் விட்டுவிட்டேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அக்கா அதை ஒரே கேள்வியில் எடுத்துவிட்டார்.  தாளை மடித்துப் பையில் வைத்தேன்.

உள்ளே மறுபடியும் கொட்டை உடைக்கும் சத்தம் தொடங்கியது. அவர் எழுந்து புடவையை உதறிக்கொண்டார். ஒரு உதவி செய்வாயா என்றார். ஈஎஸ்ஐ கார்டு இன்னும் கையில்தான் இருக்கிறது, வேலை போனபிறகு அது எதுவரைக்கும் செல்லும், யாரைக் கேட்டாலும் ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள், நீ படித்தவள், கேட்டுச் சொல் என்றார்.

சென்னைக்குத் திரும்புவதற்கு முன் கடிதம் எழுதினேன். ரயிலுக்கு, பஸ்ஸுக்கு, மஸ்டருக்கு என்று மூன்று இடங்களுக்கு மூன்று பிரதிகள். முந்தைய மனுவின் அட்டவணை தவறு, ஏழு மணிப் பணியாளர்கள் விடுபட்டுவிட்டார்கள், விட்டது நான் என்று தொடங்கினேன். செயலாளர் இரண்டு முறை படித்தார். சங்கத்தின் பேரில் கையெழுத்துப் போட முடியாது என்றார், ஆனால் ஒரு வார்த்தையையும் மாற்றச் சொல்லவில்லை. நான் மட்டும் கையெழுத்திட்டு அனுப்பினேன். அலுவலகத்தில் அந்த ஸ்லைடை இனிக் காட்ட வேண்டாம் என்று மேலாளரிடம் கேட்டுக்கொண்டேன். காரணம் கேட்டார், சொன்னேன். மாதிரி எடுத்ததில் பிழை என்று அவர் ஒரு பெயர் வைத்தார். எனக்கு அந்தப் பெயர் பொருந்தவில்லை. நான் எல்லாரையும் பார்த்தேன்.

கடிதத்துக்கு இதுவரை பதில் இல்லை.

கார்டைப் பற்றிக் கேட்பதற்குத்தான் அதிக நாள் ஆயிற்று. மூன்று கவுன்ட்டர்கள், பல போன்கள். கடைசியில் ஓர் அலுவலர் அக்காவின் எண்ணைப் பார்த்து, இன்ன மாதம் வரை செல்லும், அதற்குப் பிறகு புதிதாக எங்காவது பதிவு இருந்தால்தான் என்றார். அந்தக் கொட்டாயில் அப்படி எந்தப் பதிவும் கிடையாது. அக்காவுக்கு போன் செய்தேன். எடுத்ததும் பின்னால் கொட்டை உடைக்கும் சத்தம். மாதத்தைச் சொன்னேன். அவர் அதைத் திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

“அதுக்குள்ள ஒருவாட்டி கூட்டிகினு போயி மருந்து வாங்கிக்கறேன். எந்த ரயிலு போனா ஓபிக்கு நேரத்துக்குப் போவலாம் பாப்பா?”

பார்த்தேன். ஏழேகால் ரயில்தான். அதில் வந்தால் பஸ் கிடைக்கும், ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டு போடும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். அப்படியே சொன்னேன். சரி என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.